பச்சை பிடிக்கும் வரை: ஒரு செடித் தொட்டியின் மூன்று சறுக்கல்கள்

[காட்சி: மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. வலப்பக்கம் செடிகள் அடர்ந்திருக்கின்றன.]

வணக்கம். இந்தத் தொட்டி மன்னார்குடிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். இன்று பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று முறை கெட்டு, மூன்று முறை மீண்ட தொட்டி இது. முதல் சறுக்கலிலேயே மனம் விட்டுப்போய், தொட்டியைக் கவிழ்த்து மொட்டைமாடியில் போட்டவர்கள் நிறைய பேரை எனக்குத் தெரியும். இந்த வீடியோ அவர்களுக்காகத்தான்.

[காட்சி: வாளியில் வண்டல் மண்]

முதல் சறுக்கல், மண். டெல்டாவில் இருந்துகொண்டு மண்ணைக் கடையில் வாங்குவதா என்று எங்கள் வயலிலிருந்தே ஒரு வாளி வண்டல் அள்ளி வந்தேன். அந்த எண்ணத்தில் தப்பில்லை. கிரிப்டோகோரின் மாதிரி வேரால் சத்து எடுக்கும் செடிகளுக்கு வண்டல் அருமையான மண். ஆனால் நான் அள்ளியது, யூரியா மேலுரம் போட்ட மூன்றாம் நாள்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஈர மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களின் நொதி அதை அம்மோனியாவாக உடைத்துவிடும். வயலில் அது பயிருக்குச் சாப்பாடு. தொட்டியிலோ அதை எடுத்துக்கொள்ள அவ்வளவு செடியும் இல்லை, அது வெளியே போக வழியும் இல்லை. நான் விட்ட எட்டு டெட்ரா மீன்களும் மறுநாளே மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதற்கு அடுத்த நாள் ஒன்றுகூட இல்லை.

இதில் நம் தண்ணீருக்கும் பங்கு உண்டு. எங்கள் போர் தண்ணீரின் பிஹெச் 8க்கு மேல், அதாவது காரம் கூடிய தண்ணீர். அம்மோனியாவில் ஒரு பகுதிதான் மீனுக்கு நேரடி நஞ்சு. பிஹெச் 7லிருந்து 8க்கு ஏறினால் அந்தப் பகுதி கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். சூடு ஏறினாலும் கூடும். ஆற்றுப் பாசனப் பகுதியில் இருக்கிறோம், தண்ணீருக்கு என்ன குறை என்று நினைத்தவன் நான். ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட்டும் பிஹெச் பார்க்கும் கிட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீன் வாங்குவதற்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள்.

[காட்சி: மொட்டைமாடியில் தார்ப்பாய் மேல் காயும் மண்]

வயல் மண்ணையே போடலாம், அறுவடை முடிந்து உரம் படாமல் கிடக்கும்போது எடுத்தால். சல்லடையில் சலித்து வேரையும் வைக்கோலையும் நீக்குங்கள். தண்ணீரில் ஊறவைத்து, கலக்கி, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெயிலில் காய வையுங்கள். இப்படி நான்கைந்து தடவை. அப்புறம் அடியில் ஒரு அங்குலம் மண், அதன்மேல் கழுவிய ஆற்று மணல் ஒன்றரை அங்குலம். முதலில் செடி மட்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கத்திரி வெயில். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் 34 டிகிரி, லைட் தினமும் பத்து மணி நேரம், இலை முழுக்க நூல்பாசி. லைட்டை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். பாசியைப் பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தேன், இரண்டு டிகிரி இறங்கியது. ஆவியாகிற தண்ணீர் உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். அந்தக் குறைவைப் போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே வரும். பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள்.

[காட்சி: இருட்டுக் கூடம், ஒரு மெழுகுவர்த்தி]

மூன்றாவது, கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்தது. எங்கள் தெருவுக்குப் பதினொரு நாள் கரண்ட் இல்லை. தென்னை சாய்ந்து, ஓடு பறந்த நேரத்தில் மீன் தொட்டியைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். பகலெல்லாம் மரம் வெட்டி வழி எடுத்துவிட்டு வந்தால், உயிருள்ள ஒன்று கண்ணெதிரே மூச்சுத் திணறுகிறது. அதையும் விட்டுவிட முடியவில்லை.

வெளிச்சம் இல்லாதபோது செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கொடுக்காது. அதனால் முதல் வேலை, ஜன்னலைத் திறந்து தொட்டிக்குப் பகல் வெளிச்சம் கொடுத்தது. இரண்டாவது, ஒரு செம்பு. தண்ணீரை மொண்டு, காற்று கலக்கும்படி ஒரு முழ உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு தடவைக்கு முப்பது செம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவில் அம்மாவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். தீனி போடவே இல்லை. நன்றாக வளர்ந்த மீன் ஒன்றிரண்டு வாரம் பட்டினி தாங்கும். மிச்சத் தீனி அழுகினால் தாங்காது.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஆன் செய்யாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் ஓடாமல் நின்ற தண்ணீரில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாக ஆரம்பிக்கும். நான் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும். பிறகு ஒரு வாரம் தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன்.

[காட்சி: கண்ணாடி போல் கரையும் கிரிப்டோகோரின் இலைகள்]

மீன் தப்பித்தது. கிரிப்டோகோரின் கரைய ஆரம்பித்தது. சூழல் திடீரென்று மாறினால் இந்தச் செடி இலைகளை உதிர்த்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்து இடப்பக்கம் இருந்ததை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். வலப்பக்கம் கை வைக்கும்போதுதான் அப்பா வந்தார்.

"நட்ட நாத்து மறுநாளே நிமிந்து நிக்குமா? மஞ்சளாத்தான் கெடக்கும். பச்சை புடிக்கிற வரைக்கும் யாராவது புடுங்கிப் பாப்பாங்களா?"

பிடுங்கிய ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தது. வலப்பக்கச் செடிகளில் கரைந்த இலைகளை மட்டும் அடியோடு கத்தரித்து, வேரை அப்படியே விட்டேன். பத்தொன்பதாம் நாள் மணலிலிருந்து ஒரு பழுப்புக் குருத்து. இப்போது நீங்கள் பார்க்கும் வலப்பக்கம் முழுக்க அந்த வேர்களிலிருந்து வந்ததுதான். உங்கள் தொட்டியிலும் இலை கரைந்தால் வேரைத் தொட்டுப் பாருங்கள். கறுத்துக் குழைந்திருந்தால் எடுத்துவிடலாம். வெள்ளையாக இருந்தால் ஒரு மாதமாவது கொடுங்கள்.

[காட்சி: இடப்பக்கம், நீண்ட இலைகளுடன் கொட்டி]

இடப்பக்கம் இருப்பது எங்கள் குளத்துக் கொட்டி. குளம் வற்றினாலும் கிழங்கு சேற்றுக்குள் உயிரோடு கிடந்து, தண்ணீர் வந்ததும் துளிர்க்கும் செடி. தொட்டியிலும் சில மாதம் இலையெல்லாம் போய்ச் சும்மா கிடக்கும், கிழங்கை எறிந்துவிடாதீர்கள். குளம், வாய்க்காலிலிருந்து எதை எடுத்தாலும் ஒரு மாதம் தனி வாளியில் வைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி விடுங்கள். அட்டையும் நத்தை முட்டையும் வரும், வயலில் அடித்த பூச்சிமருந்தும் வரும். இறால் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது ஐப்பசி. அடுத்தது புயல் மாதம். கேனிஸ்டரோடு ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் சேர்த்திருக்கிறேன், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பை அதில் மாட்டிக்கொள்ளலாம். நேற்று சார்ஜ் போட்டு ஓட்டிப் பார்த்தேன், ஐந்து மணி நேரம் வந்தது. செம்பும் தொட்டிக்குக் கீழேதான் இருக்கிறது.