மயில்கழுத்துக்கு வந்த புதுப் பெயர்

யாழ்ப்பாணத்தில் நெசவும் தையலும் வடிவமைப்பும் பயிலும் இளையவர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்

எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலிலேயே ஒரு தங்கச்சி மறித்துக் கேட்டா: "அக்கா, இந்த வருஷம் எந்தக் கலர் ஓடும்?" நவீன சந்தைப் பக்கம் துணி எடுக்கப் போனாலும் இதே கேள்விதான், தையல் கடையிலும் இதே கேள்விதான். கேட்க வேண்டிய கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை அறிவித்து வருகிறது. 2024க்கு பீச் ஃபஸ், அதாவது பீச் பழத்தோலின் மெல்லிய செம்மஞ்சள். 2025க்கு மோக்கா மூஸ், பால் விட்ட கோப்பியை ஒத்த மண்ணிறம். 2026க்கு கிளவுட் டான்ஸர் என்ற மென்மையான வெள்ளை. லண்டனைத் தளமாகக் கொண்ட டபிள்யூஜிஎஸ்என் என்ற கணிப்பு நிறுவனமும் கொலோரோ என்ற நிறக் குறியீட்டு நிறுவனமும் சேர்ந்து 2026க்குச் சொன்னது வேறொன்று: நீலமும் பச்சையும் கலந்த ஆழமான டீல் நிறம். இவர்கள் இரண்டு வருடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நூலுக்குச் சாயம் போட்டு, நெய்து, தைத்து, கப்பலேற்றி, கடைக்கு வந்து சேர அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது. அவர்கள் சொன்னதைக் கேட்டு ஆலைகள் அந்த நிறத்திலேயே துணி செய்வதால், சொன்னது பலித்தும் விடுகிறது.

சரி, அந்த விற்பனைப் பெயர்களைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள். மோக்கா மூஸை நான் முதலில் பார்த்தபோது நினைவுக்கு வந்தது பனங்கட்டி. அதைப் பொதிந்த ஓலைக் குட்டானைப் பிரித்தால் தெரியுமே, அந்த மண்ணிறம். போன வருடம் எங்கும் பேசப்பட்ட வெண்ணெய் மஞ்சள், அவித்த பனங்கிழங்கை உரித்தவுடன் தெரியும் மஞ்சள். ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நிறுவனம் தரும் நிறக் குறியீட்டு எண்ணை வைத்துக்கொண்டு சாயத்தைச் சரியாகக் கலந்துவிடலாம். ஆனால் அந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று எண் சொல்லாது. பனங்கட்டி சொல்லும். அதைச் சுற்றிக் காய்ந்த ஓலையின் வெளிர் நிறம் இருக்கிறது. பல வருடமாக நாங்கள் அந்த இரண்டையும் சேர்த்தே பார்த்து வந்திருக்கிறோம். ஒரு சேலைக்கு உடலும் கரையும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: நிறம் எங்கிருந்தும் வரலாம், அதற்குப் பக்கத்தில் எது என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துப் படித்தேன். 2024 இல் அந்தப் பீச் நிறத்தை நம்பி, ஓர் அச்சுக்கூடத்தில் 18 பருத்திச் சேலைகள் அடிக்கக் கொடுத்தேன். திரையில் பார்க்க நன்றாக இருந்தது. வந்த துணி, நான் கொடுத்த மாதிரியைவிட வெளிறியிருந்தது. அது அவர்களின் பிழை. ஆனால் பெரிய பிழை வேறு. கடையின் எல்ஈடி வெளிச்சத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய ஒரு தோழி, திருவிழா நாளில் நண்பகல் வெயிலில் அதை உடுத்தி நின்றா. நிறமே தெரியவில்லை, துவைத்துத் துவைத்துச் சாயம் போன வெள்ளைச் சேலைபோல இருந்தது. எங்கள் வெயில் உச்சியிலிருந்து இறங்குகிறது, வெள்ளை மணலும் சுவரும் அதை மேலே திருப்பி அனுப்புகின்றன. மூட்டமான வெளிச்சத்தில் மலரும் மெல்லிய நிறம் இங்கே கரைந்து போகிறது. மிஞ்சிய சேலைகளுக்கு அரை விரல் அகலத்தில் அரக்குக் கரை வைத்துத் தைத்தேன். துணி அதேதான், வெயிலும் அதேதான். பீச் நிறம் எழுந்து நின்றது.

இதன் காரணத்தை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் மிஷேல் யூஜேன் செவ்ரெல். பாரிஸ் நகரில் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824 இல் பொறுப்பேற்ற இரசாயனவியலாளர். கறுப்புச் சாயம் செத்துப்போய் இருக்கிறது என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், அதில் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் வந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்தன. அடுத்தடுத்து வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை விளக்கி 1839 இல் வெளியிட்டார். காஞ்சிபுரத்து நெசவாளர் பச்சை உடலுக்கு அரக்குக் கரை போட்டபோது கண்ணால் கண்டுவைத்திருந்ததும் இதுதான். அங்கே பாலும் பழமும் என்று ஒரு கட்டம் உண்டு. பெயரிலேயே இரண்டு நிறமும் சேர்ந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இப்போது டீல் நிறத்துக்கு வருவோம். அதைக் கேட்டு ஒரு பிள்ளை, "இது எங்களுக்குப் புதுசு" என்றா. புதிதில்லை. அம்மம்மாவின் பெட்டியில் கூறைச் சீலைக்குக் கீழே பாருங்கள், ஒரு மயில்கழுத்துச் சீலை இருக்கக்கூடும். அதுவும் டீலும் ஒரே குடும்பம். ஆனால் செய்முறையில் பெரிய வேறுபாடு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று அச்சடித்து வரும் டீல், துணியின் மேல் படிந்த ஒரே நிறம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான். மயில்கழுத்தில் நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. எந்த நூலிலும் மயில்கழுத்து நிறம் இல்லை, இரண்டும் குறுக்கிடும் இடத்தில்தான் அது பிறக்கிறது. கொசுவத்தின் மேட்டில் ஒன்று தெரியும், மடிப்பின் உள்ளே மற்றது தெரியும், நடந்தால் மாறும். அச்சால் இதைச் செய்ய முடியாது. கைத்தறியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: டீல் கேட்டு வருபவருக்கு அச்சுத் துணியோடு விலையில் போட்டி போடாதீர்கள், வாசலுக்குக் கூட்டிப்போய்த் துணியை அசைத்துக் காட்டுங்கள்.

இந்த மண்ணுக்கும் ஒரு நிறம் இருந்தது, சிவப்பு. சாயவேர் என்ற சின்னச் செடி வறண்ட மணற்பாங்கில் வளரும். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டும் உரிமையை அரசு தன் கையில் வைத்திருந்தது. தோண்டியவர்கள் தாங்களாக விரும்பி வந்தவர்கள் இல்லை, அது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட ஊழியம். அந்தச் சிவப்பைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. வேரில் இருக்கும் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள், படிகாரத்தோடு சேர்ந்து துணியைப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை இருந்தால் சிவப்பு இன்னும் உறுதியாகும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, நாங்கள் சலித்துக்கொள்ளும் அதே சுண்ணாம்புதான். 1868 இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். அதன்பிறகு வேர்ச்சாயத் தொழில் நிலைக்கவில்லை. இயற்கைச் சாயத்துக்கு இப்போது மீண்டும் மதிப்பு வருகிறது, அதைச் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் தங்கள் கிணற்றுத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

துணியில் வரும் கோலங்களுக்கு வருகிறேன். கட்டமும் கோடும் திரும்ப வந்திருக்கின்றன, புள்ளியும் வந்திருக்கிறது. கட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கதை. சென்னைப் பக்கத்திலிருந்து கட்டம் போட்ட கைத்தறித் துணி மேற்கு ஆபிரிக்காவுக்குக் கப்பலில் போனது. நைஜீரியாவின் ஆற்றுமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள், இஞ்சிரி என்று தங்கள் பெயரும் வைத்தார்கள். வாங்கியதை அப்படியே உடுத்தவில்லை. அங்குள்ள பெண்கள் கூரிய கத்தியாலோ பிளேடாலோ துணியின் சில நூல்களை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி எடுத்தார்கள். எடுத்த இடம் மெல்லிசாகும், எடுக்காத இடத்தில் புதிய உருவம் தெரியும். பெலேட்டே பிட்டே என்று அந்தத் துணிக்குப் பெயர். ஒரு சாயமும் சேர்க்காமல், ஒரு நூலும் சேர்க்காமல், வேறு ஊர்க் கட்டத்தைத் தங்கள் துணியாக்கிக் கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த ஒன்றை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால் நான் இந்தத் துணியைத்தான் காட்டுவேன்.

டிஜிட்டல் அச்சு வந்தபிறகு ஒரு பெரிய தடை போய்விட்டது. முன்பு ஒரு நிறத்துக்கு ஓர் அச்சுச் சட்டம் வேண்டும், எட்டு நிறம் என்றால் எட்டுச் சட்டம். அதனால் நிறத்தை எண்ணி எண்ணிப் பயன்படுத்தினோம். இப்போது எத்தனை நிறமும் போடலாம், ஐந்தரை மீற்றரிலும் ஒரு பூ திரும்பி வராமலே அடிக்கலாம். கணினியிடம் சொன்னால் அதுவே பூவை வரைந்தும் தருகிறது. நானும் பயன்படுத்திப் பார்த்தேன், பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது தருவதில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது, கண் இளைப்பாற இடம் இல்லை. கை வேலையின் சாயல், அச்சுக்கட்டை கொஞ்சம் விலகி விழுந்த தடம், கோணலான கோடு இவற்றை வாங்குபவர்கள் இப்போது தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இளைப்பாறும் இடம் எப்படி விடுவது என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் பனையோலைப் பெட்டியான கடகத்தைப் பாருங்கள். சாயம் போட்ட சார்வோலை கொஞ்சம்தான், மீதி எல்லாம் வெறும் ஓலை. கடும் சிவப்பும் பச்சையும் அந்த வெளிரில் படியேறி இறங்குகின்றன. வளைந்த பூவை அங்கே இழைக்க முடியாது, ஓலை குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகும். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் அந்த வடிவு வருகிறது. அழகையும் உருவத்தையும் ஒரே சொல்லால் வடிவு என்று சொல்கிறவர்கள் நாங்கள்.

மேசையில் நான்கு துணி வைத்திருக்கிறேன்: அரக்குக் கரை வைத்த பீச், கரை வைக்காத பீச், அச்சடித்த டீல், ஒரு மயில்கழுத்து. பக்கத்தில் ஒரு கடகமும் இருக்கிறது. இங்கே மின்விளக்கில் பார்க்காதீர்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் வெயில் இருக்கும், முற்றத்துக்கு எடுத்துப் போவோம். முதலில் அந்த இரண்டு பீச் துணியையும் அருகருகே விரியுங்கள்.