துளைகளில் ஒளிந்த பெயர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கல்வெட்டு என்றதும் நம் கண்முன் கோயில் சுவர்தான் வரும். வெட்டிய எழுத்து, அதன்மேல் ஓடும் விரல். கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றபோது, எழுத்தே இல்லாத ஒரு கல்வெட்டிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஏதென்ஸில் பார்த்தனான் கோயிலின் கிழக்கு முகப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். தூண்களின் தலைமேல் நீண்ட உத்திரக் கல் கிடக்கிறது. அதில் சின்னச் சின்னத் துளைகள், கூட்டம் கூட்டமாக. ஒரு காலத்தில் அங்கே வெண்கல எழுத்துகளை ஆணி வைத்துப் பதித்திருந்தார்கள். எழுத்துகள் போய்விட்டன, ஆணி இறங்கிய குழிகள் மட்டும் நிற்கின்றன. அதே கல்லில் கேடயங்கள் மாட்டியிருந்த தடங்களும் உண்டு. பாரசீகரை வென்ற அலெக்சாண்டர் அனுப்பிய கேடயங்களோ என்று ஒரு கருத்து இருந்ததால், எழுத்தும் அவரைப் பற்றியதாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும்.

1896இல் யூஜீன் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க மாணவர் இதைப் படித்தே தீருவது என்று இறங்கினார். இறங்கினார் என்றால் உண்மையாகவே இறங்கினார்! பார்த்தனான் தூண்களே 10 மீட்டருக்கு மேல் உயரம். மேலேயிருந்து கயிற்றில் ஊஞ்சல் கட்டித் தொங்கிக்கொண்டு, அந்தக் கல்லைப் படி எடுத்தார்.

படி எடுப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றி மைப்படி எடுக்கிறோம். அங்கே பெரும்பாலும் மை கிடையாது. கல்லைக் கழுவி, தண்ணீரை உறிஞ்சும் கெட்டித்தாளை நனைத்துப் போர்த்தி, மயிர் விறைப்பான தூரிகையால் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். தாள் பள்ளங்களுக்குள் போய் உட்காரும். காய்ந்ததும் உரித்தால், கல்லில் குழியாக இருந்தது தாளின் பின்பக்கம் மேடாக நிற்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படிக்க வேண்டும். எழுத்து இடவலம் மாறியிருக்கும். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும். இதையெல்லாம் தரையில் செய்வதற்கே பொறுமை வேண்டும். பார்த்தனான் நிற்கும், காற்றடிக்கும் அக்ரோபோலிஸ் குன்றில் ஊஞ்சலில் தொங்கியபடி செய்திருக்கிறார் அந்த இளைஞர்.

சரி, வெறும் துளையை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு எழுத்துக்கும் ஆணி வைக்கத் தோதான இடங்கள் உண்டு. நட்டுக்குத்தாக ஒரே கோடாக நிற்கும் எழுத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று போதும். கால் விரித்து நிற்கும் கிரேக்க முதல் எழுத்து ஆல்ஃபாவுக்கு அது போதாது. ஆக, துளைகளின் அமைப்பிலிருந்து எந்தெந்த எழுத்து பொருந்தும் என்று பார்த்து, சொல் சேர்த்து, சொற்றொடர் சேர்த்துப் போக வேண்டும்.

ஆண்ட்ரூஸ் சேர்த்து முடித்தபோது வந்த பெயர் நீரோ. அரியோபாகஸ் மன்றமும் அறுநூற்றுவர் அவையும் ஏதென்ஸ் மக்களும் ரோமப் பேரரசர் நீரோவுக்குச் செய்த மரியாதை அது. நோவியஸ் என்பவர் எட்டாம் முறை படைத்தலைவராக இருந்தபோது என்று காலக்குறிப்பும் அதில் இருக்கிறது. அதை வைத்து கி.பி. 61-62 என்று ஆண்டு சொல்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தன் பெருமைக்குக் கட்டிய கோயிலின் நெற்றியில் நீரோவின் பெயர்! இதைக் கண்டுபிடித்தவருக்கே அது மகிழ்ச்சி தரவில்லை. ஆனாலும் கல் சொன்னதை அப்படியே சொன்னார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுவது அங்கேதான்.

துளைகளைப் படித்ததில் அவர் முதல் ஆளும் இல்லை. 1758இலேயே பிரான்ஸின் நீம் நகரில் செகியே என்ற அறிஞர், அங்குள்ள ரோமானியக் கோயிலின் முகப்புத் துளைகளைப் படித்து, அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வளர்ப்பு மக்களான கையஸ், லூசியஸ் இருவருக்கும் உரியது என்றார். 1995இல் கேசா அல்ஃபோல்டி என்ற கல்வெட்டு அறிஞர், ரோமின் கொலோசியத்தில் இருந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டார். மேலே பிற்காலத்தில் வெட்டிய லத்தீன் எழுத்து. அதற்கு அடியில் பழைய ஆணித்துளைகள். போரில் கிடைத்த கொள்ளைப்பொருளைக் கொண்டு இந்தப் புதிய அரங்கைக் கட்டச் செய்தார் பேரரசர் என்று அந்தத் துளைகளை அவர் படித்தார். எருசலேம் கோயிலின் செல்வமும் அந்தக் கொள்ளையில் சேர்ந்ததுதான்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இல்லாத எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர், இருக்கவே இருக்காத எழுத்தையும் படித்துவிடலாம். அதனால்தான் 1931இல் ஹாலந்தின் லைடன் நகரில் கூடிய அறிஞர்கள் பதிப்புக் குறிகளுக்கு ஒரு பொது ஒழுங்கு செய்தார்கள். கல் சிதைந்த இடத்தில் பதிப்பாசிரியர் தானாக நிரப்பியது சதுர அடைப்புக்குள் வரும். தெளிவாகத் தெரியாத எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. படிக்கிறவருக்குக் கல் கொடுத்தது எது, அறிஞர் கொடுத்தது எது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கல்வெட்டுப் படிப்பவர்கள் எல்லோரும் இந்த அடைப்புகளை எழுத்துகளைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பேன். அடைப்புக்குள் இருக்கும் சொல்லை நம்பி வரலாறு எழுதினால், முன்னே போன அறிஞரின் ஊகத்தையே நாம் சான்றாக்கிவிடுவோம்.

இரட்டைச் சதுர அடைப்பு என்றும் ஒன்று வைத்தார்கள். அக்காலத்திலேயே வேண்டுமென்று சுரண்டி அழித்த எழுத்துக்கான குறி அது. அதற்கு ஒரு கல்லைக் காட்டுகிறேன்.

ரோமில் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு, கி.பி. 203இல் எழுந்தது. பார்த்தியரை வென்ற தந்தைக்கும், காரகல்லா, கேட்டா என்ற இரண்டு மகன்களுக்கும் சேர்த்து எடுத்தது. தந்தை 211இல் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டான், அதுவும் தாயின் மடியில் என்று அக்கால வரலாற்று ஆசிரியர் டியோ எழுதுகிறார். அப்புறம் பேரரசு முழுக்க கேட்டாவின் பெயரைத் தேடித் தேடி அழித்தார்கள். இந்த வளைவில் நான்காம் வரியிலிருந்த அவன் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு, மிகச் சிறந்த, மிக வலிய அரசர்களுக்கு என்று பொருள்படும் சொற்களைப் போட்டு இடத்தை நிரப்பினார்கள்.

பள்ளம் வெட்டி, அதில் வெண்கலத்தைப் பதித்து, ஆணியால் இறுக்கிய எழுத்துகள் அவை. கொத்தியவர்கள் மேற்பரப்பைச் செதுக்கினார்கள். ஆணி ஆழத்துக்குப் போகவில்லை. பிறகு வந்த நூற்றாண்டுகளில் புதிய வரியின் வெண்கலமும் போனது. இன்று அந்த நான்காம் வரியில், புது எழுத்துகளின் பள்ளங்களுக்கு நடுவே, அவற்றோடு பொருந்தாத பழைய துளைகள் தெரிகின்றன. அவற்றைச் சேர்த்தால் வருவது கேட்டாவின் பெயர்.