கண்காணிக்கப் போனவருக்கு வேலை காத்திருக்க வேண்டும்

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பாராளுமன்ற உறுப்பினர் அவர்களே, நகரசபை உறுப்பினர் அவர்களே, இந்தக் குளிரிலும் பஸ் பிடித்து ஸ்காபரோவின் அந்தக் கரையிலிருந்து வந்திருக்கும் முதியோர் சங்கப் பெரியோர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த கோயில் அறங்காவல் சபையினரே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். சேர், உங்கள் முன்னால் நின்று பேச அனுமதி தாருங்கள்.

மூன்று விடயம் பேச வந்தேன். வெளிநாட்டுத் தேர்தலைக் கண்காணிக்கப் போகிறவர்களுக்கு எங்கள் கனடா அரசு என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை, எங்கள் பிள்ளைகள் எப்படிச் சேரலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கண்காணிப்பு வேலையே அதுதான். எல்லா வாக்களிப்பு நிலையத்திலும் யாரால் நிற்க முடியும்? இரண்டிரண்டு பேராகப் போய், ஒவ்வொரு சோடியும் சில நிலையங்களைப் பார்த்துப் படிவம் நிரப்புகிறோம். படிவங்கள் சேரும்போது பதம் தெரியும்.

2004இல் உக்ரேன் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று வாக்களிப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டிசெம்பர் 3ஆம் திகதி ரத்துச் செய்தது. மறுவாக்களிப்புக்குக் கனடா ஏறத்தாழ 500 பேரை அனுப்பியது. தலைமை தாங்கியவர் முன்னாள் பிரதமர் ஜோன் டேர்னர். அப்போது அவருக்கு 75 வயது. நானும் போனேன். வாக்களிப்பு நாள் டிசெம்பர் 26.

ஆம், சுனாமி வந்த அதே நாள்தான். இரண்டாவது நிலையத்தில் நின்றபோது ரொறன்ரோவிலிருந்து மனைவி கூப்பிட்டார். "முல்லைத்தீவில கடல் ஊருக்குள்ள வந்திட்டுதாம்." அக்கா வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். அவருடைய நம்பர் எடுபடவேயில்லை. என்னோடு வந்தவர் சஸ்காச்சுவான் விவசாயி. விடுதிக்குத் திரும்புவோம் என்றார். நான் மாட்டேன் என்றேன். விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இரவு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எண்ணத் தொடங்கினார்கள். வெளியே பனி. ஒவ்வொரு சீட்டையும் ஒரு கிராமத்து ஆசிரியை தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் வழியாக அவருக்கு விடயம் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை, எண்ணுவதையும் நிறுத்தவில்லை. இரண்டு மணிக்கு எலுமிச்சை போட்ட தேநீரும் பாணும் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் பெயரைக் கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துக்கொண்டார். கோயிலில் பெயர் சொல்லி மன்றாடுவார்களாம். நான்காம் நாள் அக்கா உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்தது. அத்தான் இல்லை.

விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசு தந்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் சம்பளமில்லாத லீவில் போன நான் திரும்பி வந்தபோது தொழிற்சாலையில் என் ஷிப்டில் வேறொருவர் நின்றார்.

இராணுவத்தின் சேமப்படை வீரர், அதாவது வேறு வேலை பார்த்துக்கொண்டே படையிலும் இருப்பவர், பணிக்குப் போனால் அவருடைய வேலை காத்திருக்க வேண்டும் என்று மத்திய சட்டத்திலும் உண்டு, ஒன்ராறியோ சட்டத்திலும் உண்டு. மத்திய தேர்தலில் வாக்களிக்கத் தொடர்ந்து மூன்று மணி நேரம் தரவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. வாக்களிப்பைப் பார்க்கப் போகிறவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. பிறகு யார் போவார்கள்? ஓய்வூதியக்காரர் போவார், லீவுக்கு யோசிக்கத் தேவையில்லாத உத்தியோகத்தர் போவார். ஒரு சோறு பதம்தான், ஆனால் மேல்சோற்றை மட்டும் தொட்டால் அடிச்சோறு வெந்ததா என்று தெரியுமா? சுத்திகரிப்பு வேலைக்காரரும் கடைக் காசாளரும் போகட்டும். ஆமிக்காரன் வாசலில் நிற்க வாக்குப் போட்ட சனம் நாங்கள். வரிசையில் நிற்பவர் பயப்படுகிறாரா என்பது எங்கள் கண்ணில் படும்.

பிள்ளைகள் ஒட்டாவாவிலுள்ள, கண்காணிப்பாளர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கனாடெம் அமைப்பில் பெயர் பதியலாம். விவரம் கேட்பவர்கள் கூட்டம் முடிய என்னிடம் வாருங்கள்.

இப்போது எனக்கு வேண்டியது கையெழுத்து. பாராளுமன்றத்துக்குக் கடதாசி மனு கொடுக்க 25 பேர் போதும். இந்த மண்டபத்தில் அதைப்போலப் பல மடங்கு பேர் இருக்கிறீர்கள். மத்திய சட்டம் முதலில் மாறட்டும், அப்புறம் மாகாணத்திடம் போவோம். உறுப்பினர் அவர்களே, இன்றே உங்கள் கையில் தருகிறேன், சபையில் வையுங்கள். படிவம் வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முகவரியையும் தெளிவாக எழுதுங்கள். பேனா வைத்திருக்கிறேன்.