விடுதித் தட்டும் ஆய்வக மேசையும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

இறைச்சி, மீன், பால், முட்டை, தேன் ஆகிய உணவுகளையும், தோல், கம்பளி, பட்டு போன்ற பொருள்களையும் தவிர்த்து வாழும் வீகன் வாழ்முறையைப் பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். அப்படிப் பேசுபவர்களின் மனத்தில் இருப்பவர் பெரும்பாலும் சொந்தச் சமையலறையும் சொந்த வருமானமும் உள்ள ஒருவர்தான். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு இரண்டுமே இல்லை. வேறு யாரோ முடிவுசெய்த உணவை அவர் உண்கிறார். வேறு யாரோ வகுத்த பாடத்திட்டத்தின்படி ஆய்வகத்தில் கத்தியை எடுக்கிறார். ஆகவே, கடையில் எதை வாங்குகிறோம் என்பதைக் காட்டிலும், படிக்கும் நிறுவனத்திடம் எதைக் கேட்டுப் பெறுகிறோம் என்பதே மாணவரின் வீகன் வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில் இதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இறைச்சியை விடுவது புரிகிறது, பாலையும் முட்டையையும் ஏன் விட வேண்டும் என்ற கேள்வியைத்தான் நான் அதிகம் எதிர்கொள்கிறேன். பசு ஒரு பாலூட்டி. கன்று ஈன்றால்தான் அதற்குப் பால் சுரக்கும். எனவே பால் உற்பத்தி தடையின்றி நடக்க, ஏறத்தாழ ஒன்பது மாதச் சினைக்காலத்தை அது மீண்டும் மீண்டும் கடக்க வேண்டியிருக்கிறது. தொழில்முறைப் பண்ணைகளில் பிறந்த கன்று சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தாயிடமிருந்து பிரிக்கப்படுவதே வழக்கம். காளைக் கன்றால் பால் வருமானம் இல்லை என்பதால் அதன் முடிவு விரைவில் வந்துவிடுகிறது; இருபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய பசுவோ, கறவை குறைந்ததும் ஐந்தாறு வயதிலேயே கழித்துக்கட்டப்படுகிறது. முட்டையின் கதையும் இத்தகையதே. வீட்டுக் கோழியின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகள் இடும். இன்றைய முட்டையினக் கோழியோ ஏறத்தாழ முந்நூறு முட்டைகள் இடுமாறு உருவாக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே எடுக்கப்படுவதால், எலும்பு முறிவு அவற்றிடையே பரவலாகக் காணப்படுகிறது. முட்டையிடாத ஆண் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படும் நடைமுறையை ஜெர்மனி 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. உலகின் பெரும்பாலான இடங்களில் அது இன்றும் தொடர்கிறது.

கூண்டைப் பெரிதாக்கினால் போதாதா என்று கேட்பவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். துன்பத்தைக் குறைக்கும் எந்தச் சட்டமும் வரவேற்கத்தக்கதே. ஆனால் விலங்குரிமை என்னும் கருத்து அதோடு நின்றுவிடுவதில்லை. தன் வாழ்வு எப்படிப் போகிறது என்பதை உணரக்கூடிய ஓர் உயிரை வெறும் கருவியாகக் கையாள நமக்கு உரிமை உண்டா என்று 1980களில் டாம் ரீகன் என்ற அமெரிக்க மெய்யியலாளர் விரிவாக வினவினார். பெரிய கூண்டு அந்த வினாவுக்கு விடையாகாது.

என் துறையில் இந்த வினா ஆய்வக மேசைமீதே வந்து அமர்ந்துவிடுகிறது. மெழுகுத் தட்டில் நான்கு கால்களும் ஊசியால் குத்தி விரிக்கப்பட்ட தவளை, மூக்கை அரிக்கும் ஃபார்மலின் நெடி, வயிற்றுத் தோலை எங்கிருந்து வெட்டத் தொடங்குவது என்று காட்டும் செய்முறைப் படம் ஆகியவை விலங்கியல் படித்த பலருக்கும் நினைவிருக்கும். முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்துக்கும், தவளை போன்ற இருவாழ்விகள் உட்பட, உணர்வனுபவம் இருப்பதற்கான மெய்யான வாய்ப்பு உண்டு என்று 2024இல் நியூயார்க்கில் வெளியிடப்பட்ட அறிக்கையில் அறிவியலாளர்களும் மெய்யியலாளர்களும் பலர் கையொப்பமிட்டனர். விலங்குகளுக்கு மாற்றாக வேறு வழியைப் பயன்படுத்துதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் ஆகிய மூன்று கோட்பாடுகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரித்தானிய அறிவியலாளர்கள் 1959ஆம் ஆண்டிலேயே முன்வைத்துவிட்டார்கள். கணினி மாதிரிகளும் செயற்கை உருவங்களும் இன்று கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு பயின்ற மாணவர்கள் கற்றலில் பின்தங்கவில்லை என்றே ஒப்பாய்வுகளில் பெரும்பாலானவை காட்டுகின்றன.

அந்த மாற்று வழியைக் கேட்க விரும்பும் மாணவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை, பருவம் தொடங்கும் முன்பே எழுத்துமூலமாகக் கேளுங்கள் என்பதுதான். செய்முறை வகுப்பு நடக்கும் காலையில், தட்டு மேசைக்கு வந்த பிறகு மறுத்தால், மதிப்பெண், வருகைப்பதிவு, பிற மாணவர்களின் நேரம் என எல்லாம் குறுக்கே வந்து நிற்கும். பேராசிரியர் விரும்பினாலும் அவரால் உதவ முடியாது. எந்தப் பயிற்சிக்கு எந்த மாற்று, அதை எவ்வாறு மதிப்பிடலாம் என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். என் ஆசிரியர் என் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, உறுப்பு மண்டலங்களை வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார். அந்தத் தேர்வு எளிதாக இருக்கவில்லை. அப்படி இருந்திருக்கவும் கூடாது.

உணவுக்கூடத்தில் சிக்கல் வேறு வகையானது. தானியமும் பருப்பும் காய்கறியும் எந்தச் சமையலறையிலும் இருக்கின்றன. அவற்றில் எது எப்போது கலக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. ரொட்டிப் பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட பட்டியலைப் படித்தால், மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றுக்குப் பிறகு, பால் திடப்பொருள் என்ற சொல் ஒதுங்கி நிற்கும். சமைத்த உணவுக்கோ அப்படிப்பட்ட பட்டியலும் கிடையாது. சமைக்கும் அக்காவிடம், “இதில் வெண்ணெய் சேர்த்திருக்கிறீர்களா அக்கா?” என்று மரியாதையோடு கேட்டால், பெரும்பாலும் உண்மையான விடை கிடைக்கும், தாளிப்பதற்கு முன் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பதாக அவரே முன்வந்து சொல்வதும் உண்டு. நூற்றுக்கணக்கானோருக்கு அடுப்படியில் நின்று உழைக்கும் அவரிடம் எரிச்சலைக் காட்டி விலங்குகளின் பெயரால் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

உடல்நலம் குறித்து ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வைட்டமின் பி12ஐ உண்டாக்குபவை நுண்ணுயிரிகள். செறிவூட்டப்படாத தாவர உணவிலிருந்து அதை நம்பகமாகப் பெற இயலாது. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கக்கூடும் என்பதால், படிக்கும் காலம் முழுவதும் ஒரு குறையும் தெரியாமலிருந்து பிறகு நரம்புகள் பாதிக்கப்படலாம். அந்தப் பாதிப்பு சில வேளைகளில் முழுமையாக மீள்வதுமில்லை. செறிவூட்டிய உணவையோ மாத்திரையையோ முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொள்வதில் விட்டுக்கொடுத்தலுக்கே இடமில்லை. இரும்புச் சத்துக்காகப் பயறு வகைகளோடு வைட்டமின் சி உள்ள கனியையோ காயையோ சேர்த்து உண்ணுங்கள். தேநீரையும் காப்பியையும் உணவு வேளையிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். மருத்துவர் எழுதித்தந்த மருந்துக் குளிகையின் மேலுறையில் விலங்குப் பொருள் இருக்கிறது என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். 1944இல் இங்கிலாந்தில் தோன்றிய வீகன் சங்கத்தின் வரையறையே, இயன்ற அளவுக்கும் நடைமுறைக்கு உகந்த அளவுக்கும் என்றுதான் சொல்கிறது.

இறுதியாக, உணவுக் குழுவைப் பற்றி. மாணவர் பேராளர்களும் இடம்பெறும் இத்தகைய குழுக்கள் பல விடுதிகளில் இருக்கின்றன. அதில் ஓர் இடத்தைக் கேட்டுப் பெறுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி உணவகங்களில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட உணவு விற்பனைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நான்கு உணவுகளில் ஒன்றாக இருந்த சைவ உணவை இரண்டாக உயர்த்தியபோது, அதன் விற்பனை நாற்பது முதல் எண்பது விழுக்காடு வரை கூடியது. அதுவரை சைவ உணவை மிகக் குறைவாக வாங்கியவர்களிடம்தான் மாற்றம் மிகுதியாகத் தென்பட்டது. அந்த ஆய்வு பாலும் முட்டையும் அடங்கிய சைவ உணவைப் பற்றியது என்றாலும், அதன் வழிமுறை நமக்கும் பொருந்தும். யாரிடமும் வாதாடாமல், யார் தட்டையும் உற்றுப் பார்க்காமல், தெரிவுகளின் எண்ணிக்கையை மாற்றுவதன் மூலமே அத்தனை தட்டுகள் மாறியிருக்கின்றன. எங்கள் குழுவில் நான் முதலில் கேட்டது, ஒவ்வொரு உணவின் முன்பும் அதில் சேர்ந்த பொருள்களை எழுதிவைக்க வேண்டும் என்பதே. ஒவ்வாமை உள்ள மாணவர்களும் அதையே வேண்டியதால் கோரிக்கை ஒரே கூட்டத்தில் ஏற்கப்பட்டது. தினமும் பாலோ முட்டையோ சேராத முழு உணவு ஒன்று வேண்டும் என்ற அடுத்த கோரிக்கை இப்போது குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.

நன்றி. வணக்கம்.