பரணில் கிடந்த படங்களும் ஒரு சங்கமும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நிலவறை. வெளியே பீரங்கிச் சத்தம். உள்ளே ஒரு யூதத் தகரத் தொழிலாளி, அவன் மனைவி, நடுங்கும் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பிரசவத்துக்கு வந்து தங்கிய செம்படைப் பெண் அதிகாரியும் கூட இருக்கிறாள். பிள்ளைகளின் பயம் தெளியட்டும் என்று அந்த மனிதன் மெல்ல ஆட ஆரம்பிக்கிறான். வீடே அவனோடு சேர்ந்துகொள்கிறது. சட்டென்று காட்சி இருபது ஆண்டு தாண்டி எதிர்காலத்துக்குத் தாவுகிறது. மஞ்சள் நட்சத்திரம் குத்திய யூதர் கூட்டம் வதைமுகாமுக்குள் நடந்து போகிறது. அந்தக் கூட்டத்தில் இந்தக் குடும்பமும் போகிறது.

அலெக்சாந்தர் அஸ்கோல்தோவ் 1967இல் எடுத்த ‘கமிஸார்’ (செம்படையின் அரசியல் அதிகாரி என்று பொருள்) படத்தில் வரும் இடம் இது. வெட்டச் சொன்னார்கள். அவர் மறுத்தார். படத்துக்குத் தடை விழுந்தது, வேலை போனது, கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். அவருடைய முதல் படம் அது. அதற்குப் பிறகு அவர் வேறு கதைப்படமே எடுக்கவில்லை.

இப்படி முடக்கப்பட்ட படத்தை ரஷ்யர்கள் ‘அலமாரித் தட்டில் கிடக்கிற படம்’ என்பார்கள். நம் வீட்டு வழக்கில் சொன்னால், பரணில் போட்ட படம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அங்கே திரைப்படக் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கமும் இருந்தது. சோவியத் திரைப்படக் கலைஞர்கள் சங்கம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சங்கம் என்றதும் நமக்குக் கூலியும் வேலை நேரமும் நினைவுக்கு வரும். சென்னையில் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனும் பாடுபட்டுக் கட்டிய சங்கங்கள் அந்த வகை. மாஸ்கோவில் கதை வேறு. ஸ்டுடியோ, தியேட்டர், பிலிம் சுருள் எல்லாமே அரசுடையவை. அதனால் அங்கே சங்கம் என்பது முதலாளியிடம் பேரம் பேசுகிற இடமாக இருக்கவில்லை. கலைஞன் அரசிடம் வாய்திறந்து பேசுவதற்கான இடமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள். இசை நகைச்சுவைப் படங்களால் பேர் வாங்கிய இயக்குநர் இவான் பிரியெவ் 1957இல் சங்கத்துக்கான அமைப்புக் குழுவைத் தொடங்கினார். முன்கோபி, ஆனால் விடாப்பிடிக்காரர். 1963இல் அந்தக் குழுவையே கலைத்துவிடலாம் என்ற பேச்சு மேலிடத்தில் கிளம்பியபோது போராடிக் காப்பாற்றினார். 1965 நவம்பரில் முதல் மாநாடு கூடிச் சங்கம் முறைப்படி பிறந்தது. தலைமை மட்டும் பிரியெவுக்குக் கிடைக்கவில்லை. இயக்குநர் லேவ் குலிஜானோவிடம் போனது.

அடுத்த இருபது ஆண்டுகளில் சங்கம் நல்லது செய்யாமல் இல்லை. மாஸ்கோவில் ‘தோம் கினோ’ என்ற சினிமா இல்லம், போல்ஷெவோவில் உட்கார்ந்து திரைக்கதை எழுத ஓய்வில்லம் என்று உறுப்பினர்களுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் சொந்த உறுப்பினரின் படம் பரணேறியபோது அதை இறக்கித் தர முடியவில்லை.

1986 மே மாதம், கிரெம்ளினில் ஐந்தாவது மாநாடு. செர்னோபில் விபத்து நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வழக்கமாக நிர்வாகிகளின் பட்டியல் மேலிருந்து வரும், எல்லோரும் கையைத் தூக்குவார்கள். இந்த முறை வாக்குச்சீட்டில் பெரிய பெயர்களையெல்லாம் அடித்துத் தள்ளினார்கள். இயக்குநர் செர்கேய் பொந்தார்சூக் போன்ற மேதையைப் பிரதிநிதியாகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. அது நியாயமில்லை என்று மேடையில் சொன்னவர் இயக்குநர் நிகிதா மிகால்கோவ். அந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். ஒருவரின் பதவி மீதுள்ள கோபத்தை அவர் கலை மீது காட்டக் கூடாது.

புதிய தலைவர் இயக்குநர் எலெம் கிளீமவ். அவருடைய படமே பத்தாண்டு முடங்கிக் கிடந்தது என்பதால் அந்த வலி அவருக்குத் தெரியும். வந்த வேகத்தில், விமர்சகர் அந்திரேய் பிளாகவ் தலைமையில் தகராறு தீர்க்கும் குழு ஒன்றை அமைத்தார். தூசி தட்டி, டப்பா திறந்து, ஒவ்வொரு படமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அலெக்சேய் கெர்மன் 1971இல் முடித்த போர்ப் படம் பதினைந்து ஆண்டு கழித்துத் திரைக்கு வந்தது. கீரா முராதவா ஒடெஸாவில் எடுத்த படங்கள் வெளியே வந்தன. ஒரு சங்கத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியம் எதுவும் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ‘கமிஸார்’ வரவில்லை. ஊரே விடுதலை பேசிய அந்த நாளிலும் அந்த ஒரு படத்துக்கு மட்டும் தயங்கினார்கள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. 1987 ஜூலையில் மாஸ்கோ திரைப்பட விழாவின் செய்தியாளர் கூட்டத்தில் அஸ்கோல்தோவே எழுந்து நின்று தன் படத்துக்காகப் பேசினார். அதற்குப் பிறகுதான் திரையிட்டார்கள். அடுத்த ஆண்டு பெர்லினில் வெள்ளிக் கரடி விருது பெற்றது.

சோவியத் நாடு போனது, ரஷ்யச் சங்கம் மிஞ்சியது. 1990களின் இறுதியில் தலைமைக்கு வந்தவர் மிகால்கோவ். 2008இல் இயக்குநர் மர்லேன் ஹுத்சியெவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது வழக்கு, மறு மாநாடு என்று போய், மீண்டும் மிகால்கோவே வந்தார். மனம் வெறுத்தவர்கள் 2010இல் விலகித் தனிச் சங்கம் கண்டார்கள்.

இந்தச் சண்டைகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1989இல் பிறந்த திரைப்பட அருங்காட்சியகம் மாஸ்கோவில் சங்கத்துக்குப் பங்கிருந்த ஒரு கட்டடத்தில் இயங்கியது. நவூம் கிளெய்மன் அதை நடத்தினார். உலகத்தின் பழைய படங்களையெல்லாம் மாஸ்கோ இளைஞர்கள் அங்கேதான் பார்த்தார்கள். சங்கம் தன் பங்கை விற்றது. 2005இல் அருங்காட்சியகம் வெளியேற்றப்பட்டது. பரணிலிருந்து படங்களை இறக்கிய சங்கத்தின் வாரிசுதான் இதைச் செய்தது. அங்கிருந்த பொருட்கள் மோஸ்ஃபிலிம் ஸ்டுடியோ வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் பெட்டிகளில் கிடந்தன. 2017இல்தான் அவற்றுக்கு வேறொரு கூரை கிடைத்தது. அப்போது கிளெய்மன் அதன் இயக்குநராக இல்லை.

வணக்கம்.