மூடியைத் திறக்காதீர்கள்: ஸ்லோ குக்கர் அணியின் உரை

(‘உடம்புக்கும் மனதுக்கும் ஆறுதலான சூப் கிடைப்பது அடுப்பங்கரைச் சட்டியிலா, ஸ்லோ குக்கரிலா?’ என்ற தலைப்பில் திருகோணமலையில் நடந்த பட்டிமன்றத்தில், ஸ்லோ குக்கர் எனும் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானையின் அணிக்காகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் பெரியவர்களுக்கும், வாடைக்காற்றும் மழையுமாக இருக்கிற இந்த மார்கழி மாலையில் குடை பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா மண்சட்டியைப் பற்றிச் சொன்னபோது எனக்கும் வாயூறியது. விறகடுப்பில் கொதித்த சூப்பின் மணத்தை நான் மறுக்கப்போவதில்லை. அவர் எங்கள் அணியிடம் மூன்று கேள்விகள் கேட்டார். ஸ்லோ குக்கர் நம்முடைய பாத்திரமா? கரண்ட் பில்லை யார் கட்டுவது? பக்கத்தில் ஆள் நில்லாத சமையலில் ருசி எப்படி வரும்? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, நீங்கள் பேசிய 10 நிமிடமும் சூப்பைக் குடிக்கிறவரைப் பற்றியே பேசினீர்கள். அதை வைக்கிறவரை ஓரிடத்திலும் காணவில்லை. நான் அவருக்காகத்தான் வந்திருக்கிறேன்.

நான் மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலை 6 மணிக்கு பஸ். கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன்னால் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போன காலத்தை நினைத்தால் இப்போது பயணம் சுகம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து சேர 3 மணியாகிவிடும். இரண்டு வருடத்துக்கு முன், இதே போன்ற மழைக்காலத்தில், மாமிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஐந்தாறு நாளில் விட்டுவிட்டது. மூட்டுவலி விடவில்லை. கையை மடக்க முடியாது, சோறு இறங்காது. “சூடாத் தண்ணியா ஏதாவது தா பிள்ளை” என்று மட்டும் கேட்பார். நான் வந்து சேலை மாற்றி, ஆட்டுக்காலைக் கழுவி அடுப்பில் ஏற்றினால் அது வேகும்போது இரவு 8 மணி. குசினியில் நான், அறையில் மாமி. இடையில் ஒரு சுவர். அவர் கூப்பிடும்போதெல்லாம் “சட்டி பொங்குது மாமி, வாறன்” என்பேன். ஒரு நாள் சூப்பைக் கொண்டுபோனபோது அவர் தூங்கிப்போயிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. வலியில் அழுதாரோ, தனிமையில் அழுதாரோ, நான் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றேன்.

அடுத்த நாள் என் மச்சாள் தன் வீட்டில் பெட்டியோடு கிடந்த ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்து தந்தார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மெருகு பூசிய கனமான பீங்கான் பானை ஒன்று. அதைச் சுற்றி ஒரு கூடு, கூட்டுக்குள் சூடேற்றும் கம்பி. மேலே கண்ணாடி மூடி. முன்னால் ஒரு குமிழ்: லோ, ஹை, வோர்ம். ரைஸ் குக்கரைவிடவும் எளிமையான சாமான் இது. லோவில் வைத்தாலும் ஹையில் வைத்தாலும் கடைசியில் தண்ணீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் போய் நிற்கும். லோவில் அந்தச் சூட்டுக்கு ஆறுதலாகப் போய்ச் சேரும், ஹையில் சீக்கிரம் போகும், அவ்வளவுதான். சூட்டிலும் பல சூடு உண்டு என்பதைக் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் வாளி விட்டுக் குளித்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அன்று இரவு 9 மணிக்கு ஆட்டுக்காலை வைத்தேன். முதலில் 5 நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, அந்த அழுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். பிறகு சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தட்டிய உள்ளி, இஞ்சி, ஒன்றிரண்டாக இடித்த மிளகு, நற்சீரகம், மல்லி, கொஞ்சம் மஞ்சள், ஒரு துண்டு இரம்பை இலை. எல்லாவற்றையும் பானையில் போட்டு, கால்கள் மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, லோவில் வைத்து மூடிவிட்டு மாமியின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அவருடைய விரல்களுக்கு எண்ணெய் தடவ எனக்கு நேரம் கிடைத்தது. தன் கலியாணத்தைப் பற்றி, மூதூருக்கு வள்ளத்தில் போன கதையைப் பற்றி 11 மணி வரை பேசினார். விடிய 5 மணிக்கு வீடு முழுக்க மணம். உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு ஒரு கோப்பை கொடுத்தேன். கேட்டு இரண்டாவது கோப்பை வாங்கிக் குடித்தார். ஆறுதல் என்று தலைப்பில் ஒரு சொல் வைத்திருக்கிறீர்களே நடுவர் ஐயா, அது எந்த நேரத்தில் அந்த வீட்டுக்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சூப் வேகும் முன்பே வந்துவிட்டது.

இப்போது ருசிக்கு வருகிறேன். ஐயா கேட்டார், ஆள் நின்று கிண்டாமல் ருசி எப்படி என்று. ஆட்டுக்காலிலும் மாட்டெலும்பிலும் ஊர்க்கோழியிலும் இருக்கிற நாரும் சவ்வும் கொலாஜன் என்ற புரதம். அது சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல் மணிக்கணக்காக ஈரச்சூட்டில் கிடந்தால் இளகி ஜெலற்றினாக மாறும். சூப் நாக்கில் வழுவழுப்பாக ஒட்டுவது அதனால்தான். மிச்சச் சூப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள், ஜெலி மாதிரித் தளதளவென்று ஆடும். அவசர நெருப்பு அதைக் கெடுக்கவும் செய்யும். தளதளவென்று கொதிக்கிற சட்டியில் கொழுப்பு சிதறித் தண்ணீரோடு கலந்து சூப் கலங்கிவிடும். மெல்லிய சூட்டில் அது தெளிந்து மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம்.

அதோடு இதற்கு மரக்கறி சரிவராது என்று யார் சொன்னது? நான் கிழமைக்கு இரண்டு முறை வைப்பது பருப்புச் சூப்தான். ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பு, இரண்டு கீற்றுப் பூசணி, ஒரு கரட், வெங்காயம், உள்ளி, மஞ்சள், மிளகு, நான்கு சுண்டுத் தண்ணீர். பஸ்ஸுக்குப் போகுமுன் லோவில் போட்டுவிட்டுப் போனால் வரும்போது மத்துக் கூடத் தேவையில்லை, கரண்டியால் மசித்தால் போதும். இதில் பழகிக்கொள்ள வேண்டிய சில விசயங்கள் இருக்கின்றன. மூடிக்குள் ஆவி ஓடி மறுபடி பானைக்குள்ளேயே விழுவதால் தண்ணீர் வற்றாது. சட்டிக்கு ஊற்றுகிற அளவு ஊற்றினால் சப்பென்று போகும். கிழங்கும் கரட்டும் இறைச்சியைவிட வேக நேரமெடுக்கும், அவற்றை அடியில் போட வேண்டும். தேங்காய்ப் பாலை முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். முதற்பாலைக் கடைசியில், இறக்குகிற நேரத்தில் விட வேண்டும். முருங்கையிலையும் அப்படித்தான், கடைசிக் கால் மணி நேரம் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மூடியைத் திறக்கக் கூடாது. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர 20 நிமிடம், அரை மணி நேரம் கூட எடுக்கும். முதல் வாரத்தில் நான் நாலைந்து முறை திறந்து பார்த்து, உருளைக்கிழங்கு வேகாமலே பரிமாறினேன். சட்டியோடு 20 வருடம் நின்ற கை, சும்மா இருக்கப் பழக ஒரு மாதம் ஆனது.

இனி ‘இது நம்முடையதா’ என்ற கேள்வி. இந்தப் பானையின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்றொரு பொறியியலாளர். அவருடைய தாயின் குடும்பம் லித்துவேனியாவின் வில்னா நகரத்து யூதக் குடும்பம். சனிக்கிழமை ஓய்வுநாளில் அவர்கள் நெருப்பு மூட்ட மாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மாலையே அவரை விதையும் இறைச்சியும் கிழங்கும் போட்ட பானையை ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். வேலை முடிந்து அணைத்த போறணையின் மிச்சச் சூட்டில் அது இரவெல்லாம் வேகும். அம்மா சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் நாக்ஸன் மின்சாரப் பானையைச் செய்தார். 1940இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் வேறொரு நிறுவனம் அதை வாங்கி, அடுத்த வருடம் ‘குரொக் பொட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதைப் படித்தபோது எனக்கு வில்னா தெரியவில்லை, தம்பலகாமத்தில் என் அம்மம்மாவின் குசினிதான் தெரிந்தது. இரவுச் சமையல் முடிந்ததும் அவர் தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுப் படுப்பார். விடிய அது குழைந்திருக்கும். உமியடுப்பிலும் அப்படித்தான், ஊதாமல் கிண்டாமல் தானாகப் புகைந்து வேகும். ஐயா, அம்மம்மா செய்ததும் இந்தப் பானை செய்வதும் ஒரே வேலை. மண்சட்டியை நீங்கள் உங்கள் பக்கத்துச் சாட்சியாக அழைத்தீர்கள். அது எங்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

கரண்ட் பில். எங்கள் வீட்டில் இருப்பது மூன்றரை லீற்றர் பானை. அது எடுப்பது சுமார் 200 வாட், பழைய 100 வாட் குண்டு பல்ப் இரண்டு எரிகிற அளவு. 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். 1000 வாட் மின்னடுப்பை முழுச்சூட்டில் 2 மணி நேரம் எரித்தால் 2 யூனிட். பிரஷர் குக்கரில் வைத்தால் இதைவிடக் குறைவாகவே செலவாகும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசில் எண்ண ஆள் வேண்டும், அந்த ஆள் 6 மணி பஸ்ஸில் போயிருப்பார்.

மின்வெட்டு வந்தால் என்று எதிரணி அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அதே மாதங்களில்தான் காஸ் சிலிண்டருக்கும் வெயிலில் வரிசையில் நின்றோம் என்பதையும் அக்கா மறந்திருக்க மாட்டார். வீட்டில் ஆள் இருக்கும்போது கரண்ட் போனால் பானையில் உள்ளதைச் சட்டிக்கு மாற்றி அடுப்பில் வைத்து முடித்துவிடலாம். நாள் முழுக்க வெளியே போய் வந்து, இடையில் எவ்வளவு நேரம் கரண்ட் நின்றது என்று தெரியாவிட்டால் அந்தச் சூப்பைக் கொட்டத்தான் வேண்டும். மனம் வராது, ஆனாலும் கொட்டுங்கள். இளஞ்சூட்டில் கிடந்த இறைச்சியை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது.

என் அணிக்குப் பாதகமானாலும் இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லாமல் போக மாட்டேன். கடைகளில் ராஜ்மா என்று விற்கிற பெரிய சிவப்பு அவரை விதையை ஒருபோதும் நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது. அரைகுறைச் சூட்டில் அது அழியாது, பச்சையாக இருப்பதைவிட மோசமாகும். வாந்தி, வயிற்றோட்டம் வரும். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் குறைந்தது 10 நிமிடம், அரை மணி நேரமென்றால் இன்னும் நல்லது, நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான் பானைக்குப் போக வேண்டும். உறைந்த இறைச்சியையும் கட்டியாகவே போடக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு வைத்தால் பயமில்லை.

மீன் இந்த ஊரின் உயிர். மீனை எட்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்ல எனக்கென்ன விசரா? புளியும் தக்காளியும் மரவள்ளியும் மெதுவாக வெந்து முடிந்த பிறகு, கடைசி 20 நிமிடம் பாரைத் துண்டைப் போட்டு ஹையில் வைப்பேன். அப்புறம் ஒடியற்கூழ். அதைத் துருப்புச்சீட்டாக ஐயா இறக்கினார். ஐயா, கூழை நான் தொடவே மாட்டேன். முற்றத்தில் பெரிய பானை வைத்து, ஒருவர் நண்டு உடைக்க, ஒருவர் ஒடியல் மாக் கரைக்க, பலாவிலையைக் கோலிக்கொண்டு பிள்ளைகள் சுற்றி நிற்கிற சமையல் அது. கிண்ணியாவில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பெரிய அண்டாவும் அப்படித்தான். கூடி நிற்பதற்கு ஆட்கள் இருக்கிற நாளுக்கு அந்தப் பானைகள் இருக்கட்டும். யாரும் இல்லாத செவ்வாய்க்கிழமைக்கு, ஒரு நோயாளியும் வேலைக்குப் போகிற ஒருத்தியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு எதைத் தருவீர்கள் என்பதே என் கேள்வி.

நடுவர் ஐயா, இன்று மத்தியானம் 2 மணிக்கு ஓர் ஊர்க்கோழியைப் பானையில் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். மாமி இப்போது நன்றாக நடமாடுகிறார். முன்வரிசையில், சாம்பல் நிறச் சால்வையோடு இருக்கிறாரே, அவர்தான். இரவு 8 மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் முருங்கையிலை போட வேண்டும். உருவி வைத்தவர் அவர். வணக்கம்.