எலியும் கோஹினூரும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். சீக்கியரிடம் வந்த மேலைநாட்டுப் பெண்கள் நாடியது வேடிக்கையா, உறவா என்பது தலைப்பு. நான் உறவே என்ற கட்சி.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். 1838-இல் பஞ்சாப் வந்த கவர்னர் ஜெனரலின் தங்கை எமிலி ஈடன், பஞ்சாபை ஆண்ட சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங்கை நரைமீசையும் ஒற்றைக்கண்ணும் உள்ள கிழட்டு எலி என்று எழுதினாராம். "எலி என்றவளிடம் என்னய்யா உறவு?" என்கிறார். அண்ணே, பிள்ளையாரையே சுமப்பது எலிதானே! அதே எமிலி, மனுஷன் பெருங்குடிகாரர்தான், ஆனாலும் நியாயமாக ஆள்கிறார், யார் உயிரையும் லேசில் எடுப்பதில்லை, ஜனங்கள் அவர்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதினாரே, அந்தப் பக்கம் மட்டும் அண்ணன் கையில் ஒட்டிக்கொண்டதா?

குருநானக் வழிவந்த பேடி குடும்பத்து மருமகளான ஆங்கிலேயப் பெண் ஃப்ரீடா 1941-இல் நம் விடுதலைக்காகச் சிறை போனதைச் சொல்ல நேரமில்லை. கோஹினூர் வைரத்துக்கு வருகிறேன்.

1854, பக்கிங்ஹாம் அரண்மனை. ரஞ்சித் சிங்கின் மகன் துலீப் சிங், 15 வயசுப் பையன், ஓவியருக்கு முன்னால் நிற்கிறான். ராஜ்ஜியம் ஆங்கிலேயரிடம் போச்சு, கோஹினூர் வைரமும் போச்சு. அந்த வைரத்தைக் காவலர் சூழக் கொண்டுவரச் சொல்லி, விக்டோரியா ராணி அவன் கையிலேயே கொடுக்கிறார். பையன் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போகிறான். திறந்த ஜன்னல்! திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், கால் மணி நேரம், யாரும் வாய் திறக்கவில்லை. அவனை வளர்த்த லேடி லாகினுக்கு வயிற்றில் புளி கரைக்கிறது, வெளியே வீசிவிடுவானோ என்று. அவன் வீசவில்லை, குனிந்து வணங்கி ராணியிடமே கொடுத்துவிட்டான். அந்த அம்மாள் பயந்தது கல்லுக்காகவா அண்ணே, பிள்ளைக்காகவா?

சம்பளத்துக்கு வளர்த்தார்கள் என்பீர்கள். இருக்கட்டும். பெற்ற தாய் ஜிந்த் கௌரிடமிருந்து ஒன்பது வயசில் பிரித்த பிள்ளை அவன். 1861-இல்தான் கல்கத்தாவில் மறுபடி பார்த்தாள், கண்பார்வை மங்கிப்போய். பிள்ளையோடு லண்டன் போய்ச் சேர்ந்த அந்தத் தாயை வீடு தேடிப் போய்ப் பார்த்தார் லேடி லாகின். தேவகி இருக்கும் வீட்டுக்கு யசோதை போகிறாள், நடுவர் அவர்களே. அந்த யசோதையை வேடிக்கை பார்க்கப் போனவள் என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா? மணி அடித்துவிட்டது, வணக்கம்.